தங்கத்துக்கு நான் கொடுத்த பயம்

தொடர்களுக்கு வசனம் எழுத வந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு படிவம் கொடுத்திருப்பார்கள். கதாபாத்திரத்தின் பெயர், வயது, ஊர், படிப்பு, எதற்குக் கோபப்படுவார், எதற்குச் சிரிப்பார் என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். அதை நிரப்பச் சொல்வார்கள். நிரப்புங்கள். நானும் இருபத்தாறு வருடம் நிரப்பியவள்தான். அதில் ஒரே ஒரு பாத்திரத்துக்கு நான் நிரப்பிய விதத்தால் ஒரு பெண்ணின் உயிருக்கு ஆபத்து வந்தது. ஓய்வு பெற்ற பிறகு இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்கிறேன். அவளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எல்லாம் மாற்றிவிட்டேன். நான் செய்ததை மாற்றவில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் என்னிடம் படிவமோ நோட்டோ கிடையாது. எல்லாம் தலைக்குள் இருக்கிறது என்ற திமிர். ஒரு தொடரில் எழுத்து வாசனையே இல்லாத ஒரு தாயை எழுதினேன். எண்பதாவது எபிசோடில் அவள் பேருந்தின் பலகையைப் படித்துவிட்டு ஏறிப் போய்விட்டாள். எழுதிய எனக்கும் உறைக்கவில்லை, படம் பிடித்தவர்களுக்கும் உறைக்கவில்லை. சில நாள் கழித்துத் திருநெல்வேலி ஜங்ஷனில் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது, உடன் வந்த தோழி பூக்காரப் பெண்ணிடம் என்னைப் பெருமையாக அறிமுகம் செய்துவைத்தாள். அந்தப் பெண் பூவை முழம் போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்போ நீங்கதானா? எழுத்து தெரியாதவ போர்டை எப்படிம்மா படிச்சா? நான் இன்னைக்கு வரைக்கும் கேட்டுக் கேட்டுத்தான் பஸ் ஏறுதேன். அத்தன நாளா அவளும் என்ன மாதிரின்னு நெனச்சுக்கிட்டுப் பாத்தேன்."

அந்த வெட்கத்துக்குப் பிறகுதான் நோட்டு போட ஆரம்பித்தேன். மூத்த எழுத்தாளர் ஒருவர், "ஆளுக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கு. பயந்தால் என்ன செய்வாங்கன்னு முதல்ல எழுது. மத்ததெல்லாம் அதுலேருந்து வரும்" என்றார். அப்படியே செய்தேன். பிழைகள் நின்றன. பிழை வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் நிற்கவில்லை. அந்தப் பயத்தில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். நாமாக உருவாக்கிய ஆள்தான் நூறு எபிசோடு தாண்டியதும் முன்னுக்குப்பின் முரணாக நடக்கிறான். உயிரோடு இருக்கும் ஒருவரை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. சந்தேகம் வரும்போது அவரை நினைத்துப் பார்த்தால் போதும்.

அப்படி நான் எடுத்த பெண்ணைக் கோமதி என்று வைத்துக்கொள்வோம்.

கடைசிச் சில வருடங்கள் நான் கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருந்துகொண்டு எழுதி, போனிலேயே சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். இரண்டு தெரு தள்ளி அப்பளம் இடும் வீடு ஒன்றில் கோமதி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சாத்தான்குளத்துப் பக்கம் பனங்காட்டு ஊரில் பிறந்தவள். ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு புருசனிடமிருந்து தப்பி வந்தவள். மகளுக்குப் பள்ளியில் இடம் கிடைக்கத் தலைமையாசிரியையிடம் நான்தான் பேசினேன். அதிலிருந்து பழக்கம். தினமும் நாலு மணிக்கு வேலை முடிந்து போகிற வழியில் என் ஜன்னல் பக்கம் நின்று "அக்கா" என்று குரல் கொடுப்பாள். உள்ளே வந்து கருப்பட்டிக் காப்பி குடிப்பாள். கதவைப் பார்த்தபடிதான் உட்காருவாள். முதுகைக் கதவுக்குக் காட்டி அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சொன்னாள். அவளுடைய இடது காது மடல் இரண்டாகப் பிளந்திருக்கும். புருசன் கம்மலோடு சேர்த்து இழுத்தது. அடி விழப்போகிறது என்று தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு, அவள் அப்பா ஏறிய பனைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வாளாம். அந்த மனிதர் தான் ஏறிய ஒவ்வொரு பனைக்கும் ஒரு பெயர் வைத்திருந்திருக்கிறார். கூனி, ஒத்தச்சடச்சி, ஊமைச்சி, சண்டைக்காரி என்று அது போகும்.

அவள் தெருமுனை தாண்டும் முன்பே நான் நோட்டை எடுத்துவிடுவேன். தங்கம் என்ற பாத்திரத்துக்கு ஒதுக்கிய பக்கங்களில் எழுதுவேன். பிளந்த காது, கதவைப் பார்த்து உட்காருவது, பனைகளின் பெயர்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றவில்லை என்பதுகூட முழு உண்மை இல்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று இருந்தது.

தங்கம் திரையில் வந்த மூன்றாவது வாரத்தில் எல்லோருக்கும் பிடித்தவளாகிவிட்டாள். புருசன் கதவைத் தட்டும்போது அவள் பனைகளின் பெயர்களைச் சொல்லி நடுங்கும் காட்சி போன்களில் சுற்றியது. "இந்த ஒரு கேரக்டர் மட்டும் எப்படி மேடம் இவ்ளோ உயிரா வருது?" என்று இயக்குநர் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கம்பெனியில் கேட்டு என் எண்ணை வாங்கியதாகச் சொன்னான். பார்க்கிறவர்கள் அப்படிப் பேசுவது உண்டு என்பதால் சிரித்தபடிதான் பேசினேன். குரல் அவ்வளவு மெதுவாக, மரியாதையாக இருந்தது.

"நாடகம் ரொம்ப நல்லா இருக்கும்மா. ஒரே ஒரு தப்பு. ஊமைச்சிக்கு அடுத்து சண்டைக்காரின்னு சொல்லுதாளே அந்தப் புள்ள, அங்கன நடுவுல இன்னொரு மரம் இருக்கு."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"அது எங்க மாமனார் வச்ச பேரும்மா. அவரு செத்து ஏழு வருசமாச்சு. ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"கற்பனைதாங்க" என்றேன்.

"கற்பனையா." என் சொல்லையே திருப்பிச் சொன்னான். "சரிம்மா. தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இனியும் பாப்பேன்."

போனை வைத்த பிறகுதான் முழுசாகப் புரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஒளிபரப்பாக வேண்டிய எபிசோடு எடுத்து முடித்துத் தயாராக இருந்தது. அதில் தங்கம் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் அப்பளம் இடும் வேலைக்குச் சேருகிறாள். அக்ரகாரத் தெரு, படித்துறை, வெயிலில் காயும் அப்பளம் எல்லாம் வருகிறது. அவன் அதைப் பார்த்தால் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குவான்.

இயக்குநரை அழைத்து அந்தக் காட்சியை நீக்கிவிடச் சொன்னேன். கத்தினார். எவ்வளவு சொல்வது என்று யோசித்தேன். ஒரு பெண்ணின் உயிர் என்று சொன்னால் அவள் யார், என்ன என்று பத்துப் பேர் பேசுவார்கள். அதனால், "இந்த ஊர்ல ஒரு வீட்டோட அப்படியே பொருந்துது சார். கேஸ் போட்டாலும் போடுவாங்க" என்றேன். கேஸ் என்றதும் அன்று மாலைக்குள் காட்சி போய்விட்டது. எதிரில் இருப்பவர் எதற்குப் பயப்படுவார் என்று தெரிந்திருப்பதும் இந்தத் தொழிலில் கற்றதுதான்.

ஆனால் செய்ய வேண்டிய முதல் காரியத்தை நான் செய்யவில்லை. அன்று நாலு மணிக்குக் கோமதி வந்தாள். காப்பி கொடுத்தேன். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அவளை வீணாகப் பயமுறுத்த வேண்டாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் பயந்தது, சொன்னதும் அவள் என்னைப் பார்க்கப்போகும் பார்வைக்கு.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்றேகாலுக்குக் கதவு தட்டப்பட்டது. தேய்த்த வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் ஓலையில் முடைந்த சிறு கொட்டான்.

"உடன்குடிக் கருப்பட்டிம்மா. ஒங்களுக்குன்னு வாங்கியாந்தேன். ஊரு பேரக் கம்பெனியிலயே சொன்னாவ. ரயில் டேசன் பக்கம் கடையில நாடகம் எழுதுத அம்மா வீடு எதுன்னு கேட்டேன், சொல்லிட்டாவ."

செவ்வாய்க்கிழமை கேட்ட அதே குரல்.

உள்ளே விட்டிருக்கக் கூடாது என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு இருந்தது ஒரு நொடி. வாசலிலேயே பேசி அனுப்பினால் அவன் தெருவில் நிற்பான். இன்னும் முக்கால் மணி நேரத்தில் கோமதி அந்தத் தெருவில் வருவாள். உள்ளே கூப்பிட்டு, ஜன்னலுக்கு முதுகு காட்டும் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அதன் பிறகுதான் மேசையைப் பார்த்தேன். நோட்டு திறந்து கிடந்தது. தங்கத்தின் பக்கம். ஓரத்தில் என் கையெழுத்தில், 'கோமதியிடம் இன்னும் கேட்க வேண்டியவை'.

அடுக்களைக்குப் போய்க் காப்பி கலந்தேன். நோட்டை மூடினால் அவன் பார்வை அங்கேதான் போகும் என்று தொடாமல் வந்திருந்தேன். தட்டோடு கொண்டுவந்து அந்தப் பக்கத்தின் மேலேயே வைத்தேன். அவன் டம்ளரை எடுத்தான். தட்டு அங்கேயே இருந்தது.

"யாரும்மா சொன்னா?" என்றான்.

மறுபடியும் கற்பனை என்று சொன்னால் எழுந்து போகமாட்டான். ஒரு ஆளைக் காட்டியாக வேண்டும். உண்மையான ஆள் யாரையும் காட்டக் கூடாது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அப்போதுதான் யாரிடமிருந்தும் எதையும் எடுக்காமல் ஒரு ஆளை உருவாக்கினேன்.

"ரயில்ல ஒரு பெரியவர் சொன்னாருங்க" என்றேன். "திருச்செந்தூர் போகையில எதுத்தாப்புல உட்கார்ந்திருந்தாரு. சின்ன வயசுல பனை ஏறினவராம். கூட ஏறின ஒருத்தர் மரத்துக்கெல்லாம் பேரு வச்சிருந்தாருன்னு சொல்லிச் சிரிச்சாரு. எனக்குப் பிடிச்சுது, எழுதிக்கிட்டேன்."

"அவரு பேரு?"

பெயர் என் வாய் வரை வந்துவிட்டது. நிறுத்தினேன். ரயிலில் எதிரே உட்கார்ந்தவரின் பெயர் யாருக்குத் தெரியும்?

"கேக்கலையே."

"ஆளு எப்படி இருந்தாரு?"

"ஒல்லி. வலது கண்ணுல பூ விழுந்திருந்துச்சு. மகள் வீட்டுக்குப் போறதாச் சொன்னாரு."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். மழையைப் பற்றி, ஆற்றில் தண்ணீர் வருவதைப் பற்றி, நாடகத்தில் வரும் மாமியாரைப் பற்றிப் பேசினான். நானும் பேசினேன். கடிகாரம் மூன்று முப்பத்தைந்து காட்டியது. திடீரென்று, "எடது கண்ணு தெரியாத மனுசன், மக வீட்டுக்குத் தனியாவா போனாரு?" என்றான்.

"வலது கண்ணுங்க."

"ஆமா, வலதுன்னுதான சொன்னீங்க. எந்த ஊர்ல எறங்குனாரு?"

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். ஏதாவது ஒரு ஊரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வழியில் சந்தித்த ஒருவரைப் பற்றிக் கேட்கிற எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவள் பொய் சொல்கிறவள். நினைவு அப்படி இருக்காது, அதில் ஓட்டை இருக்கும்.

"தெரியலைங்க. நான் தூங்கிட்டேன். முழிச்சப்போ அவரு இல்ல."

அவன் டம்ளரை மெதுவாக மேசையில் வைத்தான். தட்டின் மேல் இல்லை, அதன் பக்கத்தில். நோட்டின் ஓரத்தில் ஈர வளையம் விழுந்தது. நான் அதைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்தேன்.

"காதும் அவருதான் சொன்னாரா?"

"இல்ல. பஸ்ஸுல கம்மலை அத்துக்கிட்டுப் போயிட்டான்னு ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு அழுதுகிட்டு இருந்தா. அதைப் பார்த்தேன்."

"நாடகத்துல புருசன்லா இழுக்கான்."

"அது கதைக்காக. புருசன் அப்படிச் செய்வானா?"

அவன் சட்டைக் கையை இழுத்து நேராக்கிக்கொண்டான்.

"செய்ய மாட்டாம்மா" என்றான்.

எழுந்துகொண்டான். மூன்று ஐம்பது. கொட்டானை மேசையில் வைத்துவிட்டு, "என் பொஞ்சாதியத் தேடிக்கிட்டு இருக்கேன். இந்தப் பக்கம் எங்கனயாவது கண்ணுல பட்டா சொல்லுங்க. புள்ளைய நெனச்சாத்தான் தூக்கம் வரமாட்டேங்கு" என்றான். அந்தக் குரலில் உண்மையான துயரம் இருந்தது. எனக்கு அதுதான் அதிகப் பயத்தைக் கொடுத்தது.

அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு மணி ஆனது. கோமதி வரவில்லை. நாலே கால். அவன் போன வழியும் அவள் வரும் வழியும் ஒன்றுதான். செருப்பைக்கூடப் போடாமல் அப்பளம் இடும் வீட்டுக்கு ஓடினேன். வீட்டுக்கார அம்மாள் கதவை ஒரு சாண் திறந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டாள். பின்கட்டில் அப்பளக் கட்டுகளுக்கு நடுவே கோமதி உட்கார்ந்திருந்தாள். மகள் பள்ளிச் சீருடையோடு மடியில் இருந்தாள்.

"பாத்துட்டேன்க்கா" என்றாள். "மூணரைக்கே மாவு தீந்துட்டு. ஒங்க வீட்டுக்குத்தான் வந்தேன். ஜன்னல்ல அவன் முதுகு தெரிஞ்சுது. எனக்கு முதுகே போதும். அப்படியே திரும்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போயி இவளக் கூட்டிட்டு இங்கன வந்துட்டேன்."

"கோமதி, நான் சொல்றதைக் கேளு..."

"நீங்க அவனுக்குக் காப்பி குடுத்து உக்கார வச்சிருந்தீங்க. நீங்கதான் வரச் சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். போன், நோட்டு, தங்கம், ரயில் பெரியவர், எல்லாம். அவள் ஆச்சரியப்படவில்லை.

"தங்கம் நாந்தான்னு மொத வாரமே தெரியும்க்கா. இங்கன வேலை செய்கையில டிவி ஓடும்லா. மரத்துப் பேர அவ சொன்னப்போ என் கையில இருந்த குழவி கீழ விழுந்துட்டு. எல்லாரும் சிரிச்சாவ."

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"எப்படிக்கா கேக்க? புள்ளைக்கு எடம் வாங்கித் தந்தது நீங்க. நீங்க கோவிச்சுக்கிட்டா நாங்க எங்கன போவோம்?"

அவள் பயந்தவர்களில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கிறேன். தினமும் நாலு மணிக்கு எனக்கு எதிரே உட்கார்ந்து காப்பி குடித்தபோது அவள் முகத்தில் இருந்ததற்கு நான் களைப்பு என்று பெயர் வைத்திருந்தேன். பாத்திரத்தின் பயத்தைப் பத்துப் பக்கம் எழுதியவளுக்கு எதிரே இருந்தவளின் பயம் தெரியவில்லை.

போலீசுக்குப் போகலாம், நானும் வருகிறேன் என்றேன். "ஒருக்க போனேன்க்கா. சமாதானம் பேசி அவன்கூடதான் அனுப்பி வச்சாவ" என்றாள். மறுநாள் காலையிலேயே கிளம்புவது என்று முடிவாகியிருந்தது. அப்பளம் ஏற்றிப் போகும் வேனில் அனுப்பிவைக்க வீட்டுக்கார அம்மாள் ஏற்பாடு செய்திருந்தாள்.

"எங்க போற?" என்றேன்.

"ஒங்ககிட்ட சொல்ல மாட்டேன்க்கா."

குரலில் கோபம் இல்லை. வெயில் அடிக்கிறது, குடை எடுத்துப் போங்கள் என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் எழுந்து வாசல்வரை வந்த பிறகு பின்னாலேயே வந்தாள்.

"ஒண்ணு மட்டும் செய்யுங்க. தங்கத்தைக் கொன்னுருங்க."

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"அவ டிவியில இருக்க வரைக்கும் அவன் தெனமும் பாப்பான். பாக்கப் பாக்க வெறி ஏறும். அவ செத்துப்போனா பாக்கதையாவது நிறுத்துவாம்லா."

இயக்குநரிடம் சொன்னபோது அவருக்கு நம்பவே முடியவில்லை. "நீங்கதானே மேடம் சொல்வீங்க, கேரக்டரை உடைக்காதீங்கன்னு? தங்கம் எதையும் தாங்குவான்னு நீங்க குடுத்த குறிப்புலயே இருக்கே. இப்போ திடீர்னு சாவுன்னா எப்படி?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நாலு நாள் சண்டை போட்டேன். கடைசியில் பஸ் விபத்து என்று முடிவானது. பஸ் ஆற்றில் விழட்டும், அவளை வெள்ளம் அடித்துப் போகட்டும், உடல் கிடைக்காதபடி வைத்துக்கொண்டால் பிறகு தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவரலாம் என்றார்கள். முடியாது என்றேன். உடல் கிடைக்க வேண்டும், சிதையைக் காட்ட வேண்டும் என்று நின்றேன். உடல் கிடைக்காத சாவை யாரும் நம்புவதில்லை. அவனும் காத்திருப்பான்.

நான் எழுதியதிலேயே மோசமான வாரம் அது. பார்த்தவர்கள் திட்டினார்கள். தங்கம் இவ்வளவு எளிதாகச் சாகிறவள் இல்லையே என்று எழுதினார்கள். எழுத்தாளருக்கு வயதாகிவிட்டது, பாத்திரத்தையே மறந்துவிட்டார் என்றார்கள். கம்பெனி அடுத்த தொடருக்கு என்னைக் கூப்பிடவில்லை. என் ஓய்வு அப்படி வந்ததுதான்.

சிதை எரியும் எபிசோடு வந்த மறுநாள் காலை அவன் அழைத்தான்.

"செத்துட்டாளேம்மா" என்றான். அழுதிருந்தான்போல இருந்தது. "எரிக்கதையும் காட்டிட்டீங்க."

"ஆமாங்க" என்றேன்.

"சரிம்மா" என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வரவில்லை. தேடுவதை நிறுத்தினானா, பார்ப்பதை மட்டும் நிறுத்தினானா என்று எனக்குத் தெரியாது. தெரியாத எண் எது வந்தாலும் இன்றும் இரண்டு தடவை அடித்து ஓயவிட்டுத்தான் எடுக்கிறேன்.

அந்த நோட்டை அடுப்பில் போட்டுவிட்டேன். உங்கள் படிவத்தில் கேள்விகள் நிறைய இருக்கின்றன. கடைசியில் ஒன்றை நீங்களே கையால் சேர்த்துக்கொள்ளுங்கள்: இது யாருடையது, அவரிடம் கேட்டேனா? பதில் எழுத முடியாவிட்டால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒரு ஆளை உருவாக்குங்கள். கஷ்டம்தான். நூறாவது எபிசோடில் அவன் தடம் மாறுவான், போர்டு படிப்பான், பூக்காரி கேள்வி கேட்பாள். கேட்கட்டும், வெட்கத்தோடு போய்விடும். பயம் எழுத வேண்டி வந்தால் உங்களுடைய பயத்தை எடுத்து எழுதுங்கள். அது உங்களிடம் வேண்டிய அளவு இருக்கும்.

கோமதி இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அப்பளம் இடும் வீட்டு அம்மாளுக்குத் தெரிந்திருக்கலாம். தினமும் அந்த வழியாகத்தான் காய்கறி வாங்கப் போகிறேன். மகள் என்ன படிக்கிறாள், காதை மறைக்காமல் தலை சீவிக்கொள்கிறாளா என்றெல்லாம் கேட்க ஆசையாக இருக்கும். கேட்பதில்லை. என்னை எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டால் எழுதிவிடுவேன்.